தொட்டியில் விளையும் மெல்லேடு



ஆறன்முளைக் கண்ணாடியின் புகழை அறியாதவர் கேரளத்தில் அரியர். கண்ணாடி என்று பெயர் பெற்றிருப்பினும் அது கண்ணாடியன்று. செம்பையும் வெள்ளீயத்தையும் கலந்து வார்த்து, நாள் பல தேய்த்து மெருகேற்றிய உலோகத் தகடாகும். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் முகம் பார்க்கும் கண்ணாடியோ வேறு வகையினது. அதில் நம் உருவைத் திருப்பிக் காட்டுவது கண்ணாடித் தகடன்று. அத்தகட்டின் பின்புறம் ஒட்டியிருக்கும் மிக மெல்லிய உலோக ஏடே. ஆறன்முளைக் கம்மியர் ஒரு முழுத் தகட்டைக் கொண்டு செய்யும் வேலையை, கண்ணுக்குப் பருமன் புலப்படாத ஓர் ஏடு செய்துவிடுகிறது.

அந்த ஏட்டைக் கண்ணாடியின்மேல் ஏற்றுவது எப்படி? 1835 ஆம் ஆண்டில் ஜெர்மானிய இரசாயன அறிஞர் யுஸ்டுஸ் ஃபான் லீபிக் அதற்கு ஒரு வழியைக் குறித்தார். வெள்ளி உப்பை அம்மோனியா கலந்த நீரில் கரைத்து, தக்கதொரு பொருளைச் சேர்த்தால், கரைந்திருந்த வெள்ளி மீண்டும் உலோகமாகிக் கண்ணாடிச் சுவரில் பளபளப்பாகப் படிகிறது. உருக்கவும் வேண்டா, அடிக்கவும் வேண்டா. கரைசலே வேலையை முடித்துவிடுகிறது. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட முறை இதற்கு நெருங்கிய உறவுடையது. வேறுபாடு யாதெனின், இங்கே படிவது வெள்ளி போன்ற உலோகமன்று. குறைகடத்தி என்னும் பொருளாகும்.

குறைகடத்தி என்பது யாது? செம்பு மின்சாரத்தை எளிதில் கடத்தும், கண்ணாடி கடத்தாது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டு நின்று, ஒளியோ வெப்பமோ படும்போதும் பிற பொருள்கள் சிறிதளவு கலக்கும்போதும் தன் கடத்தும் தன்மையை மாற்றிக்கொள்வது குறைகடத்தி. வானொலிப் பெட்டிக்குள் இருக்கும் டிரான்சிஸ்டரும், கூரைமேல் வெயிலை மின்சாரமாக்கும் சூரிய மின்கலமும் இத்தகைய பொருள்களால் ஆனவை.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் கலைப் பட்டம் பெற்றவரேயன்றி விஞ்ஞானம் பயின்றவரல்லோம். ஆதலின் ஒரு முறையைக் காணுமுன் அதன் பெயரைக் காண்பதே நம் வழக்கம். ஆங்கிலத்தில் இதனைக் ‘கெமிக்கல் பாத் டிப்பாசிஷன்’ என்பர். ‘பாத்’ என்ற சொல்லைக் குளியல் என்று பெயர்த்தால், கேட்பவர் மனத்தில் பத்மதீர்த்தக் குளமும் படித்துறையுமே தோன்றும். சாயம் தோய்ப்பவர் தம் பாத்திரத்தைச் சாயத்தொட்டி என்றே வழங்குகின்றனர். அவர்கள் வழியைப் பின்பற்றி, இதனைக் ‘கரைசல் தொட்டிப் படிவு’ என்போம். படிகின்ற பொருளை ‘மெல்லேடு’ என்போம். காய்ச்சிய பாலின்மேல் படர்வதையும் ஏடு என்கிறோம். காரியவட்டத்துச் சுவடி நூலகத்தில் காக்கப்படும் ஓலையையும் ஏடு என்கிறோம். மென்மையும் பரப்பும் உடையதற்கு நம் மொழியில் அமைந்த நல்ல சொல் அது.

இத்துணை மெல்லிய ஏட்டால் பயன் என்ன என்று சிலர் வினவலாம். இந்நகருக்கு அண்மையிலுள்ள பாலராமபுரத்தில் நெய்யும் கசவுப் புடவையை எண்ணிப் பாருங்கள். அசல் சரிகையின் இழை முழுவதும் பொன்னன்று. மேலே படிந்த பொன் பூச்சே நம் கண்ணைக் கவர்கிறது. ஒளியோடு உறவாடும் பொருளுக்கு மேற்பரப்பே முதன்மையானது. சில வகைச் சூரிய மின்கலங்களில் காட்மியம் சல்பைடு என்னும் மஞ்சள் நிறக் குறைகடத்தியை 50 முதல் 80 நானோமீட்டர் பருமனில் இடுகின்றனர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். மனிதரின் தலைமயிர் ஒன்றின் பருமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு இந்த ஏடு.

இதனை உண்டாக்க இருவகை வழிகள் உள. காற்றை அகற்றிய வெற்றிடக் கலத்தில் பொருளைச் சூடாக்கி ஆவியாக்கி, அந்த ஆவியைக் கண்ணாடியின்மேல் படியச் செய்வது ஒரு வகை. அதற்கு வலிய பம்புகளும், விலைமிக்க கருவிகளும், தடைபடாத மின்சாரமும் வேண்டும். மற்றொரு வகைக்கு ஒரு கண்ணாடிக் குவளை, ஒரு வெந்நீர்த் தொட்டி, ஒரு வெப்பமானி, சில உப்புகள் போதும். பல கல்லூரிகளின் ஆய்வகங்களில் இவை முன்னரே இருக்கின்றன.

செய்முறையைக் காண்போம். காட்மியத்தின் உப்பு ஒன்றை நீரில் கரைத்து, அதில் அம்மோனியாவைச் சிறிது சிறிதாகச் சேர்க்கின்றனர். முதலில் வெண்மையான கலங்கல் ஒன்று தோன்றும். மேலும் அம்மோனியாவைச் சேர்க்க அது மறைந்து கரைசல் தெளியும். இத்தெளிவின் பொருள் யாது? ஒவ்வொரு காட்மியம் அயனியையும் அம்மோனியா மூலக்கூறுகள் சூழ்ந்து தம் பிடியில் வைத்துக்கொண்டன என்பதே. இப்போது தயோயூரியா என்னும் பொருளைச் சேர்க்கின்றனர். காரத்தன்மை மிக்க இந்நீரில் அது மெல்ல மெல்லச் சிதைந்து கந்தகத்தை வெளிவிடும். ஒருபுறம் காட்மியம் அம்மோனியாவின் பிடியிலிருந்து அளவாக விடுபடுகிறது. மறுபுறம் கந்தகம் தயோயூரியாவிலிருந்து அளவாக வருகிறது. துப்புரவாகக் கழுவிய கண்ணாடித் தகட்டைச் செங்குத்தாக இதில் நிறுத்தி, நீரை 60 முதல் 80 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைத்தால், இரண்டும் தகட்டின் மேற்பரப்பில் சந்தித்துக் கூடுகின்றன. சற்று நேரத்தில் தகட்டின்மேல் மெல்லிய மஞ்சள் நிறம் தோன்றி, வரவரச் செறிகிறது.

அம்மோனியாவின் பிடியும் தயோயூரியாவின் தயக்கமும் இல்லாவிடில் என்ன ஆகும்? காட்மியம் சல்பைடு நீரில் கரைவது மிகமிக அரிது. காட்மியமும் கந்தகமும் தடையின்றிக் கலந்தால் அந்தக் கணமே நீர் முழுவதும் மஞ்சட்பொடியாகிக் கலங்கிவிடும். தகட்டின்மேல் நல்ல ஏடு அமையாது.

இதற்கு உவமை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் அடுக்களையே போதும். காய்ச்சி ஆற்றிய பாலில் சிறிது மோரை உறை ஊற்றி, அசைக்காமல் ஒரு மூலையில் வைத்தால், விடியுமுன் பாத்திரம் முழுவதும் ஒரே கட்டியாகத் தயிர் தோய்ந்திருக்கும். அதே பாலைச் சூடாக்கி எலுமிச்சஞ் சாற்றைப் பிழிந்தால், அது அப்போதே திரிந்து, திப்பி வேறு நீர் வேறாகப் பிரிந்துவிடும். இரண்டிலும் பாலை மாற்றியது புளிப்பே. ஒன்றில் புளிப்பு இரவெல்லாம் மெல்லப் பிறந்தது; மற்றொன்றில் ஒரே நொடியில் வந்து விழுந்தது. தொட்டிப் படிவின் மருமமும் இதுவே. செய்முறைக் குறிப்பு ஒன்றைத் தமிழாக்குவோர் ‘மெல்ல’ என்ற சொல்லை விட்டுவிட்டால், பிற சொற்கள் அனைத்தும் சரியாக இருந்தும் பயனில்லை.

எவ்வளவு மெல்லச் செய்யினும், ஒரு நிலையில் கரைசல் கலங்கத்தான் செய்யும். தகட்டில் ஒட்டாது நீரிலேயே பிறந்த துகள்கள் அப்போது பெருகுகின்றன. அவை தகட்டின்மேல் விழுந்தால், விரலால் துடைத்தாலே உதிரும் மாவு போன்ற படலமே கிடைக்கும். ஆதலின் தக்க நேரத்தில் தகட்டை எடுத்துக் கழுவிவிட வேண்டும். பருமன் மிகுதியாக வேண்டுவோர் புதிய கரைசலில் மீண்டும் தோய்க்கின்றனர்.

இம்முறை புதியதன்று. தயோயூரியாவை 1869 இல் கண்டறிந்தவர் எமர்சன் ரெனால்ட்ஸ் என்பவர். பின்னர் டப்ளின் நகரில் பேராசிரியராக விளங்கியபோது, அவரே 1884 இல் அதனைக் கொண்டு ஈயச் சல்பைடைக் கண்ணாடிபோல் பளபளக்கும் ஏடாகப் படியச் செய்து காட்டினார். ஈயச் சல்பைடு இயற்கையில் கலீனா என்னும் காரீயக் கனிமமாகக் கிடைப்பது. வானொலி நேயர்கள் இக்கனிமத்திற்கு ஒரு வணக்கம் செலுத்தக் கடமைப்பட்டவர்கள். மின்காந்த அலைகளை உணர்வதற்குக் கலீனாவைப் பயன்படுத்தும் கருவிக்கு, நம் ஜகதீச சந்திர போஸ் 1901 இல் அமெரிக்காவில் விண்ணப்பித்து 1904 இல் காப்புரிமை பெற்றார். பின்னர் மின்கலமே இல்லாத எளிய வானொலிப் பெட்டிகளில், ஒரு சிறு கலீனாக் கல்லும் அதனைத் தொடும் கம்பி முனையுமே ஒலியைப் பிரித்துத் தந்தன. திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் அரசின் வானொலி 1943 இல் ஒலிக்கத் தொடங்கி, 1950 இல் அகில இந்திய வானொலியோடு இணைந்தது. அதற்கு நாற்பது ஆண்டுகட்கு முன்னரே குறைகடத்தி வானொலிக்குத் துணையாகிவிட்டது. இரண்டாம் உலகப் போரின்போதும் அதன் பின்னரும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை உணர்வதற்கு ஈயச் சல்பைடு ஏடுகள் பயன்பட்டன. அவற்றுள் கரைசலில் படிந்தவையும் உண்டு.

நம் நாட்டில் இம்முறை நன்கு வேரூன்றியது. தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கோர், பாண்டியா, சோப்ரா ஆகியோர் காட்மியம் சல்பைடு ஏடு எவ்வாறு வளர்கிறது, எந்நிலையில் எந்தப் படிக வடிவம் கொள்கிறது என்பதை ஆராய்ந்து 1980 இல் வெளியிட்ட கட்டுரை, உலகெங்கும் எடுத்துக்காட்டப்படுகிறது. கோலாப்பூரிலுள்ள சிவாஜி பல்கலைக்கழகத்தாரும் இத்துறையில் நெடுங்காலம் உழைத்தவர்கள். மெக்சிகோ நாட்டின் தேசியப் பல்கலைக்கழகத்திற்குத் தெமிஸ்கோ என்னும் ஊரில் ஓர் ஆய்வு நிலையம் உண்டு. அங்கே பணியாற்றிய பி. கே. நாயர், எம். டி. எஸ். நாயர் ஆகியோரின் பெயர் இந்நகரத்தார் செவிக்கு அயலாக ஒலிக்காது. சூரிய ஆற்றலுக்குப் பயன்படும் தொட்டிப் படிவு ஏடுகளைத் தொகுத்து ஆராய்ந்து, அவர்கள் தம் துணைவர்களோடு 1998 இல் ஒரு விரிவான கட்டுரை வெளியிட்டனர். செம்புச் சல்பைடு முதலிய ஏடுகளைச் சாளரக் கண்ணாடியில் படியச் செய்து, வெளிச்சத்தை விட்டு வெப்பத்தைத் தடுக்கலாம் என்பதும் அவர்கள் ஆராய்ந்த பொருள்களில் ஒன்று. மேடமாதத்து வெயிலில் வாடும் நமக்கு அதன் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

ஏழை ஆய்வகத்திற்கு ஏற்றது என்பதனால் இதனைத் தாழ்ந்த முறை என்று எண்ணிவிடலாகாது. சூரிய மின்கலத்தில் ஒளியை உறிஞ்சும் அடுக்கின் மேற்பரப்பு மேடும் பள்ளமுமானது. வெற்றிடத்தில் பாய்ந்துவரும் ஆவி சில இடுக்குகளைத் தவறவிடக்கூடும். நீரோ புகாத இடுக்கில்லை. ஆகையால் மிக மெல்லிதாக இருந்தும் ஓட்டையின்றி எங்கும் ஒரே சீராக மூடும் ஏட்டைக் கரைசல் தருகிறது. 1993 இல் அமெரிக்காவில் காட்மியம் டெல்லூரைடு மின்கலம் ஒன்று, தன்மேல் விழும் ஒளியாற்றலில் 15.8 விழுக்காட்டை மின்சாரமாக்கி, அவ்வகையில் அக்காலத்து உயர்ந்த அளவை எட்டியது. அதிலிருந்த காட்மியம் சல்பைடு ஏடு தொட்டியில் விளைந்ததே. செம்பு, இந்தியம், காலியம், செலினியம் ஆகியவற்றால் அமையும் மின்கலங்கள் 20 விழுக்காட்டைக் கடந்தபோதும், அவற்றுள் பலவற்றில் இத்தொட்டியின் கைவண்ணம் இருந்தது.

நேயர்களே, இதுகாறும் கூறியவை இம்முறையின் பெருமை. இனிக் கூறுவது அதன் கடன். தொட்டியில் இட்ட காட்மியம் முழுவதும் தகட்டிற்குப் போவதில்லை. சிறு பகுதியே ஏடாகிறது. பெரும்பகுதி மஞ்சட்பொடியாகவும் கரைந்த உப்பாகவும் தொட்டியிலேயே நின்றுவிடுகிறது. குவளை ஒன்றேயாயின் அது சிறு அளவு. நூறு ஆய்வகங்கள், ஆண்டுதோறும் ஆயிரம் குவளைகள் என்று பெருக்கினால் சிறிதாகாது. தொழிற்சாலையாக வளர்ந்தாலோ சொல்லவே வேண்டா.

காட்மியம் எத்தகைய நஞ்சு என்பதை ஜப்பானியர் துயரப்பட்டு அறிந்தனர். தொயாமா மாநிலத்தில் ஜின்சு ஆற்றின் கரையில் வாழ்ந்தவர்கள், சுரங்கக் கழிவால் காட்மியம் கலந்த அந்நீரைப் பருகினர். அந்நீர் பாய்ந்த வயலின் அரிசியை உண்டனர். சிறுநீரகம் பழுதுற்றது; எலும்புகள் மென்மையாகி முறிந்தன. நோயாளர் வலி தாங்காது கதறிய ஒலியே நோயின் பெயராயிற்று: ‘இத்தாய் இத்தாய்’. ‘வலிக்கிறது, வலிக்கிறது’ என்பது அதன் பொருள். அந்நோய்க்குக் காட்மியமே காரணம் என்று 1968 இல் ஜப்பானிய அரசு ஏற்றுக்கொண்டது. சோறே உணவாகவும், வீட்டுக் கிணறே நீர்நிலையாகவும் கொண்ட நாம் இச்செய்தியை ஏதோ அயல்நாட்டுக் கதை என்று கேட்டுவிட்டுப் போகலாகாது. ஆய்வகத்துக் கழுவுதொட்டியின் குழாய் எங்கே சென்று முடிகிறது என்பது ஊரார் அனைவரையும் பற்றிய வினாவாகும்.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. எஞ்சிய கரைசலில் காட்மியத்தை முழுவதும் சல்பைடாக வீழ்த்தி, வடிகட்டிப் பிரித்து, தனியே சேமித்து, நச்சுக் கழிவைக் கையாளும் உரிமை பெற்றோரிடம் ஒப்படைக்கலாம். தொட்டியின் வடிவை மாற்றி, குறைந்த கரைசலைக் கொண்டே தகட்டை நனைக்கலாம். இவற்றினும் சிறந்தது, நஞ்சில்லாத பொருளைத் தேடுவது. காட்மியத்தின் இடத்தில் துத்தநாகச் சேர்மத்தாலான ஏட்டைக் கொண்டு, 2019 இல் ஜப்பானியர் 23.35 விழுக்காடு திறன் பெற்றனர். காட்மியத்தால் இழைக்கப்பட்ட கொடுமையைக் கண்ட நாடே அதனை நீக்கும் வழியிலும் முன்சென்றது நினைவில் நிறுத்தத்தக்கது.

நம் கேரளத்திலும் இதற்கு ஒரு நல்ல சான்றுண்டு. செலினியம் சேர்ந்த சூரிய மின்கலங்களைச் செய்வோர் ஹைட்ரஜன் செலினைடு என்னும் கொடிய நச்சுக்காற்றைப் பயன்படுத்துவது வழக்கம். கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கே. பி. விஜயகுமார், சி. சுதா கர்த்தா ஆகியோரின் குழுவினர், ஜப்பானிய ஆய்வாளர் சிலரோடு சேர்ந்து, 2003 இல் மாற்று வழி ஒன்றை வெளியிட்டனர். செலினியத்தைத் தொட்டிப் படிவு முறையால் ஏடாக்கி, அதனோடு இந்தியம், செம்பு ஆகிய ஏடுகளை அடுக்கி வெப்பமூட்டினால், அந்த நச்சுக்காற்று இல்லாமலே வேண்டிய குறைகடத்தி உருவாகிறது என்று அவர்கள் காட்டினர். கழிவால் நஞ்சைப் பெருக்கக்கூடிய அதே தொட்டி, அறிவோடு கையாண்டால் வேறொரு நஞ்சைத் தவிர்க்கவும் உதவும் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமோ?

திருவனந்தபுரத்திலும் அதன் தெற்கே நாகர்கோவில் வரையிலும் கல்லூரிகள் பல உள. அங்கே பயிலும் மாணவர் ஒருவர் பெருங்கருவி ஏதுமின்றி, தம் கையாலேயே ஒரு குறைகடத்தி ஏட்டைப் படியச் செய்து, அதில் ஒளி பட மின்னோட்டம் மிகுவதைக் காணலாம். வெள்ளீயச் சல்பைடு, பிஸ்மத் சல்பைடு எனக் காட்மியம் கலவாத ஏடுகளும் இதற்கு உள. ஆயின் ஆசிரியர் துணையின்றியும், கையுறையும் காற்றோட்டமும் இன்றியும் இதில் இறங்கலாகாது. இது வீட்டு அடுக்களையில் செய்து பார்க்கும் வேடிக்கையன்று.

செய்முறைக் குறிப்புகள் பெரும்பாலும் ‘தகட்டை எடுத்துக் கழுவி உலர்த்துக’ என்பதோடு முடிகின்றன. மொழிபெயர்ப்போர் மூலத்தில் இல்லாததைச் சேர்த்தல் கூடாது என்பது நம் தொழிலின் நெறி. ஆனால் குறிப்பை எழுதும் ஆசிரியர்க்கு அந்நெறி இல்லை. ‘எஞ்சிய கரைசலை வடிகட்டி, பெயரும் நாளும் எழுதிய கலத்தில் சேமிக்க’ என்று இன்னும் ஒரு வரியை அவர்கள் எழுதலாம். எழுதினால், அதனைத் தமிழிலும் மலையாளத்திலும் தவறாமல் பெயர்த்துத் தருவது எம்போன்றோர் பொறுப்பு. ஏடு நன்கு படிவதற்குப் பொறுமை வேண்டும்; ஏடு படிந்த பின் எஞ்சியதற்குக் கணக்கு வேண்டும். இவ்விரண்டும் உள்ள ஆய்வகம், பொருளால் எவ்வளவு சிறிதாயினும், செல்வ நாட்டின் ஆய்வகத்தோடு தோளொத்து நிற்கும்.